மதுரை ஜிம் மாஸ்டர்களே, அந்த டப்பாவைத் திருப்பிக் காட்டுங்கள்

மதுரையில் ஜிம் நடத்துகிற அண்ணன்களுக்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

நான் செல்லூர்க்காரன். என் அக்கா மகனுக்கு 19 வயது, விடியக்காலை 5 மணிக்கே ஜிம்முக்குக் கிளம்பிவிடுவான். போன மாதம் ஒருநாள் திரும்பி வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து தண்ணி கேட்டான், சொம்பைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குது, நெஞ்சு திக்குதிக்கென்று அடிக்குது. என்னடா என்றால், "மாஸ்டர் எக்சர்சைஸுக்கு முன்னாடி குடிக்கிற ப்ரீ-வொர்க்அவுட் பவுடர்ல ஒரு ஸ்கூப் கலக்கிக் குடுத்தார் மாமா, ரத்த ஓட்டம் கூடி நல்லா பம்ப் வரும், தசை புடைக்கும்னார்" என்கிறான். முகமெல்லாம் சுருசுருவென்று அரித்ததாம், ரத்தம் ஏறுது, அதான் அப்படி என்று சொல்லியிருக்கிறார்கள்.

அது ரத்தம் இல்லைங்க. அந்தப் பவுடரில் சேர்க்கிற பீட்டா அலனின் என்கிற அமினோ அமிலம் தோல் நரம்புகளைத் தூண்டுவதால் வருகிற அரிப்பு. டப்பாவை வாங்கிப் பார்த்தேன், ஒரு ஸ்கூப்பில் காஃபின் மட்டும் 300 மில்லிகிராம். பெரிய ஆளுக்கே ஒரு நாளைக்கு 400-க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள், இவன் டீக்கடையில் காபி வேறு குடித்துவிட்டுப் போயிருக்கிறான். ரத்த ஓட்டத்துக்கென்று சேர்க்கிற சிட்ருலின் எவ்வளவு என்று தேடினால் 'ப்ளெண்ட்', அதாவது கலவை, என்று மொத்தமாக ஒரு எடையைப் போட்டு முடித்துவிட்டார்கள்.

ரத்த ஓட்டத்துக்கு எதுவுமே உதவாது என்று நான் சொல்ல வரவில்லை. ரத்தக்குழாயை விரியச் செய்வது நைட்ரிக் ஆக்சைடு, உடம்பில் அதன் வேலையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உடம்பு அதை அர்ஜினின் என்கிற அமினோ அமிலத்தில் இருந்து செய்கிறது. அர்ஜினினாகவே சாப்பிட்டால் பெரும்பகுதி குடலிலும் ஈரலிலுமே சிதைந்துபோகும், சிட்ருலின் அதைத் தாண்டிப் போய் சிறுநீரகத்தில் அர்ஜினினாக மாறும். ஆராய்ச்சிகளில் சிட்ருலின் மாலேட் 6 முதல் 8 கிராம் வரை கொடுத்துப் பார்க்கிறார்கள், அப்படியும் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் வருவதில்லை. எவ்வளவு என்றே எழுதாத டப்பாவில் என்னத்தை நம்புவது?

சித்திரை வெயிலில் தள்ளுவண்டியில் வெட்டி விற்கிற தர்பூசணியில் இருந்துதான் சிட்ருலினையே முதலில் பிரித்தெடுத்தார்கள். பீட்ரூட், முளைக்கீரையில் இருக்கிற நைட்ரேட்டும் கடைசியில் நைட்ரிக் ஆக்சைடாகத்தான் ஆகிறது. பீட்ரூட் ஜூஸ் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் முன்னாடி குடிக்க வேண்டும், மவுத்வாஷ் கொப்பளிக்கக் கூடாது, நைட்ரேட்டை மாற்றுவதே வாயில் இருக்கிற பாக்டீரியாதான். சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்றும் பையன்களிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பெரிய பயம் 45, 50 வயதில் புதிதாகச் சேருகிறவர்களை நினைத்துத்தான். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கிறவர், இவர்களுக்கு இந்தப் பவுடரும் சேர்ந்தால் பிரஷர் மடமடவென்று இறங்கி மயங்கி விழலாம், காஃபின் நிறைய இருந்தால் ஏறவும் செய்யலாம். டாக்டரைக் கேட்காமல் அவர்களுக்கு ஒரு சிட்டிகைகூடக் கொடுக்காதீர்கள். பதினெட்டு ஆகாத பிள்ளைகளுக்கும் வேண்டவே வேண்டாம். கவரில் பிரித்துக் கட்டின பவுடரை யாருக்கும் கொடுக்காதீர்கள், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாத டப்பாவை உள்ளேயே விடாதீர்கள்.

அக்கா மகன் இன்னும் அதே ஜிம்முக்குத்தான் போகிறான், நாங்கள் தடுக்கவில்லை. நாங்கள் சொன்னால் கேட்காதவன் நீங்கள் சொன்னால் கேட்பான். அடுத்த தடவை ஸ்கூப்பை எடுக்கும் முன்னால், காலையில் என்ன குடித்தாய் தம்பி என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.