எங்கள் பிள்ளைகளின் பள்ளிப் பாதைக்குக் காவல் நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் ஊரில் தொடக்கப் பள்ளியும் மேல்நிலைப் பள்ளியும் மாநில நெடுஞ்சாலையின் ஒரே ஓரத்தில் இருக்கின்றன. பிள்ளைகளில் பெரும்பாலோர் எதிர்ப்பக்கத்துத் தெருக்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்குச் சாலையில் நடக்கவும் கடக்கவும் பழக்கிக் கொடுத்த எல்லோருக்கும் இரு பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்கள் சார்பில் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் பெயர்களை விட்டுவிட்டோம். செய்ததை மட்டும் விவரமாகவே எழுதுகிறோம். பக்கத்து ஊர்ப் பள்ளிகளும் எடுத்துச் செய்யலாம்.

முதல் நன்றி போக்குவரத்துக் காவலர்களுக்கு. ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால் ஊர்வலம், ஓவியப் போட்டி, உறுதிமொழி என்று முடிந்துவிடும். நீங்கள் முதலில் மைதானத்தில் ஒரு சாலையே போட்டுக் கொடுத்தீர்கள். சுண்ணாம்புப் பொடியில் 7 மீட்டர் அகலம், நடுக்கோடு, 50 செ.மீ. பட்டையும் 50 செ.மீ. இடைவெளியுமாக ஜீப்ரா கோடுகள். பத்துப் பத்துப் பேராகப் பயிற்சி. ஓரத்தில் நிற்க வேண்டும். வலது, இடது, மறுபடியும் வலது பார்க்க வேண்டும். நேராக நடக்க வேண்டும். நடுக்கோட்டை நெருங்கும்போது இடப்பக்கம் பார்க்க வேண்டும். வண்டிகள் இடப்புறமாக ஓடும் நாட்டில், கால் வைத்ததும் நம்மை நோக்கி வருவது வலப்பக்கத்து வண்டி. காரணம் புரிந்த பிள்ளைகளுக்கு வரிசை மறக்கவில்லை.

இதில் பெரிய சிக்கல், பிள்ளைகள் கழுத்தைத் திருப்புவார்களே தவிரப் பார்க்க மாட்டார்கள். ‘வலம், இடம், வலம்’ என்று வாய் சொல்லும், கண் தரையில் இருக்கும். அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழி அருமையானது. இரு பக்கமும் 30 மீட்டர் தள்ளி ஆள் நிறுத்தி, எண் எழுதிய அட்டையைப் பிடிக்கச் சொன்னீர்கள். எண்ணைச் சரியாகச் சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைக்கலாம். இந்த ஒரு மாற்றம் வந்த பிறகே பயிற்சி பயிற்சியானது.

11 மீட்டர் கயிற்றுக்கும் நன்றி. 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் பிள்ளையைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடும். அதாவது அந்தக் கயிற்றின் நீளம் முழுவதும் பிரேக் பிடிக்காமலே கடந்த தூரம். 60 கி.மீ. வேகமென்றால் அது 17 மீட்டர். கயிற்றின் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்த பிள்ளைகளுக்கு ‘அண்ணன் பிரேக் போட்டுருவாங்க’ என்ற நம்பிக்கை போய்விட்டது. போக வேண்டிய நம்பிக்கைதான் அது.

தொடக்கப் பள்ளிப் பெற்றோருக்கு ஒரு சொல். பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையால் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட முடியாது. வண்டி தூரத்தில் தெரிந்தால் ‘போகலாம்’ என்று நினைக்கும். அது எவ்வளவு வேகமாக வருகிறது என்பது அதற்குப் பிடிபடாது. அதனால் நன்றாகப் பயிற்சி பெற்ற பிள்ளையையும் தனியாகக் கடக்க விடாதீர்கள். காலையும் மாலையும் முறை வைத்துக்கொண்டு வந்து நின்ற அம்மாக்கள், தாத்தா பாட்டிகள் அனைவருக்கும் எங்கள் வணக்கம். விரலைக் கொடுக்காமல் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். வண்டி வரும் பக்கம் நீங்கள் நின்றுகொண்டீர்கள். விரலை உருவிக்கொண்டு ஓடுவது பிள்ளைக்கு ஒரு கணம்தான்.

அடுத்து, அரசுப் பேருந்துப் பணிமனைக்கும் எங்கள் டவுன் பஸ் ஓட்டுநர், நடத்துநருக்கும். பேருந்தைப் பள்ளி வளாகத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையையும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தீர்கள். முன் கண்ணாடிக்கு நேர் கீழே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்; மேலே இருந்து ஒரு தலைகூடத் தெரியவில்லை. எத்தனை வகுப்பு எடுத்தாலும் இது விளங்கியிருக்காது. பேருந்தைச் சுற்றி 3 மீட்டருக்குக் கோடு போட்டு, அதற்குள் யாரும் நிற்கக் கூடாது என்று பழக்கினீர்கள். இறங்கியதும் ஓரமாக ஐந்து எட்டு எடுத்துவைத்து நடக்க வேண்டும். பேருந்து கிளம்பிப் போய், சாலை இரு பக்கமும் தெரிந்த பிறகே கடக்க வேண்டும். நின்ற பேருந்தின் முன்னால் கடந்தால் அதை முந்திக்கொண்டு வரும் பைக் தெரியாது. பின்னால் கடந்தால் எதிரே வருவது தெரியாது. பென்சில் டப்பா சக்கரத்துக்கு அடியில் உருண்டால் குனியவே கூடாது, நடத்துநரிடம் சொல்ல வேண்டும். இதைத் தனியாகச் சொல்லிக் காட்டியதற்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். பொருள் விழுந்ததும் குனிவது பிள்ளைகளுக்கு யோசிக்காமல் வரும் பழக்கம்.

படிக்கட்டுப் பயணம் பற்றியும் சொல்ல வேண்டும். முதுகில் கனமான பையோடு படியில் நிற்பவரை அந்தப் பையே வெளிப்பக்கம் இழுக்கும். வளைவில் கை வலுவிழந்துவிடும். படி காலியாகும்வரை விசில் கொடுப்பதில்லை என்று நடத்துநர் பிடிவாதமாக இருந்தார். ஆனால் பேருந்தில் இடமே இல்லாதபோது மாணவர்களை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. காலைப் பேருந்து நடையின் நேரத்தைப் பள்ளி நேரத்துக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தீர்களே, அந்த மாற்றம் செய்ததை எந்த அறிவுரையும் செய்திருக்காது.

மோட்டார் வாகன ஆய்வாளருக்கு நன்றி. 2012 ஜூலையில் சென்னையில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகளைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. வேனில் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் தாங்களே பார்க்க வேண்டியவற்றை நீங்கள் காட்டிக் கொடுத்தீர்கள்: தரைப் பலகை, அவசர வழி திறக்கிறதா, தீயணைப்பான் காலாவதியாகிவிட்டதா, உதவியாளர் இருக்கிறாரா. ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் பிள்ளைகளை ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்த ஆட்டோ அண்ணன்மாருக்கு அதனால் வருமானம் குறைந்ததும் எங்களுக்குத் தெரியும். அந்த நன்றிக்கடன் பெரியது.

தலைக்கவசக் கடைக்காரர் சிறு அளவுகளில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளவற்றை வரவழைத்து, டேப்பால் தலைச் சுற்றளவை அளந்து கொடுத்தார். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பெரிதாக வாங்கினால், விழும்போது அது கழன்றுவிடும். கவசத்தைக் கையால் திருப்பும்போது நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். நான்கு வயதுக்கு மேல் அனைவருக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். அதற்குக் குறைந்த பிள்ளைகளைப் பைக்கில் ஏற்றினால், 2023 பிப்ரவரி 15 முதல் கவசத்தோடு பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கி.மீ. தாண்டக் கூடாது. ஸ்கூட்டரின் முன்னால் பிள்ளையை நிற்க வைக்கும் பழக்கத்தை இன்னும் சிலர் விடவில்லை. திடீர் பிரேக்கில் அதன் முகம் போய் மோதுவது ஹேண்டில்பாரில். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சைக்கிள் கடை அண்ணனுக்கு. பிளஸ் ஒன் மாணவர்களின் விலையில்லா மிதிவண்டிகளைக் காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்தீர்கள். பிரேக் பிடி ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்குத் தளர்ந்திருந்த வயர்களை இறுக்கினீர்கள், தேய்ந்த கட்டைகளை மாற்றினீர்கள், சேறு படிந்த பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டரைத் துடைக்கச் சொன்னீர்கள். துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ளவும் பையை ஹேண்டில்பாரில் மாட்டாமல் கேரியரில் கட்டவும் மாணவிகளுக்குச் செய்தே காட்டினீர்கள்.

பள்ளி வாசலில் அவித்த கடலை விற்கும் அம்மா கூடையைச் சுற்றுச்சுவருக்கு உள்பக்கம் மாற்றிக்கொண்டார்; பிள்ளைகள் தார்ச்சாலை விளிம்பில் குவிவது நின்றது. நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்பக்கமாக நடக்கச் சொல்கிறோம். அங்கே விளம்பரப் பலகைகளை எடுத்துக்கொண்ட கடைக்காரர்களுக்கும் நன்றி. மேல்நிலைப் பள்ளிச் சாலைப் பாதுகாப்புப் படை மாணவர்கள் கயிறு பிடித்துச் சிறுவர்களை ஓரத்தில் நிறுத்தினார்கள். வண்டியை நிறுத்தும் வேலையை மட்டும் அவர்களிடம் கொடுக்கவில்லை, இனியும் கொடுக்க மாட்டோம். அது காவலர் அல்லது பெரியவர்களின் வேலை.

பதினெட்டு ஆகாத மகனிடமிருந்து பைக் சாவியை வாங்கிவைத்த பெற்றோருக்கு வீட்டில் எவ்வளவு சண்டை வந்திருக்கும் என்று அறிவோம். 25,000 ரூபாய் அபராதமும் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் உண்டு என்பதைவிட, மகன் பிழைத்திருப்பான் என்பதற்காகச் செய்தீர்கள்.

108 ஊழியர்கள், அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது என்பதையும், உதவுகிறவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்பதையும், ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதையும் ஊர் மக்களுக்கு விளக்கினார்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் புதிதாகச் சேரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மைதானப் பயிற்சியை மறுபடி தொடங்குகிறோம். கயிறும் எண் அட்டைகளும் பத்திரமாக இருக்கின்றன. சுண்ணாம்பு மட்டும் இரண்டு மூட்டை வேண்டும். காலை முறைக்கு இன்னும் ஆட்கள் தேவை. வர முடிந்தவர்கள் தலைமையாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்