சுழியிலிருந்து எண்ணு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலி காரணம் என்று எழுதினால், கடிதம் எழுத முழங்கால் எதற்கு என்று கேட்பாய். காற்று அடங்கியிருக்கிற நாட்களை விட்டால், கோபுரத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பிகளைச் சோதிக்க வேறு நாள் கிடைக்காது என்பது உனக்குத் தெரியாதா? விடியற்காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறேன். கோபுரத்தில் ஏறுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

'இழுவையை அளக்க டைனமோமீட்டர் எல்லாம் வந்த பிறகும் கம்பியைத் தட்டி எண்ணிக்கொண்டா இருக்கிறாய்?' என்று கேலி செய்திருந்தாய். ஆமாம், எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். டைனமோமீட்டரைக் கோர்ப்பதென்றால் ஒவ்வொரு கம்பியிலும் இழுவையை, அதை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளிலிருந்து எடுத்து இழுகருவிக்கு மாற்ற வேண்டும். பத்துப் பன்னிரண்டு கம்பி என்றால் பொழுது அதிலேயே போய்விடும். சந்தேகம் வந்த கம்பிக்கு மட்டும் அதை எடுக்கிறேன். மற்றவற்றுக்குக் கையும் ஸ்டாப்வாட்சும் போதும்; கம்பி எவ்வளவு இறுக்கமோ, தட்டிய துடிப்பு அவ்வளவு வேகமாகப் போய் வரும், அதை எண்ணியே இழுவையைக் கணக்கிட்டுவிடலாம்.

ஆனால் போன வாரம் அந்தக் கையே என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. கையென்றால் என் கையல்ல, புதிதாக வந்திருக்கும் பையனுடைய கை. நல்ல பையன், கேட்டதற்குத்தான் பதில் சொல்வான். 45 மீட்டர் கோபுரம். உச்சியிலிருந்து இறங்கும் கம்பி ஒவ்வொன்றும் 60 மீட்டர். ஏழு இழைகள் முறுக்கிய 9.5 மில்லிமீட்டர் கம்பி; அறுவதற்கு ஏறத்தாழ 7000 கிலோ இழுவை வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 700 கிலோ, இருக்க வேண்டும் என்று அன்றைய வெப்பநிலைக்கான அட்டவணை சொன்னது. பையன் மூன்று கம்பிகளையும் பார்த்துவிட்டு வந்து, "மூன்றும் 870, சார். தளர்த்திவிடலாமா?" என்றான். திருகுச் சாவிகூடக் கையில் தயாராக இருந்தது.

மூன்றும் ஒரே அளவாக மிகையாக இருந்ததுதான் என்னை உறுத்தியது. இறுக்கிய ஆள் பிசகியிருந்தால் மூன்றும் மூன்று விதமாகத்தானே இருக்கும்? ஒருமுறை என் எதிரே எண்ணச் சொன்னேன். கம்பியின் கீழ் முனையை மண்ணில் பிடித்திருக்கும் ஆங்கருக்குப் பக்கத்தில் கம்பியைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்து விட்டான். அந்தத் துடிப்பு மேலே ஓடி, கோபுரத்தில் மோதித் திரும்பி, கம்பியின் மேல் வைத்திருந்த விரலில் மெல்லத் தட்டியது. இழுத்து விட்டபோதே அவன் "ஒன்று" என்றான்! அங்கேதான் கோளாறு. அவன் பத்து என்று முடித்தபோது துடிப்பு ஒன்பது தடவைதான் போய் வந்திருந்தது, 8.3 வினாடியில். எண்ணிக்கையின் வர்க்கமல்லவா கணக்கில் வருகிறது? ஒரு எண் பிசகியதற்கு 170 கிலோ கூடிவிட்டது. சுழியிலிருந்து எண்ணச் சொன்னேன். பத்துக்கு 9.2 வினாடி, 700 கிலோ.

முதல் வேலையில் நீ என் தலையில் குட்டி, 'இழுத்து விடும்போது சுழி, முதல் தட்டலுக்குத்தான் ஒன்று' என்று சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? நான் குட்டவில்லை. காலம் மாறிவிட்டது.

அவன் தளர்த்தியிருந்தாலும் கோபுரம் அன்றைக்கே சாய்ந்திருக்காது. அறுவதற்கான இழுவையில் பத்துக்குப் பதில் எட்டு விழுக்காட்டில் நின்றிருக்கும், அவ்வளவுதான். ஆனால் நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டு 'சரிசெய்யப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதியிருப்பான். அடுத்து வருகிறவன் ஒழுங்காக எண்ணினால், இழுவை குறைந்தது ஏன், ஆங்கர் நகர்ந்துவிட்டதா என்று மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்பான்.

ஆங்கர் என்றதும் இன்னொன்று. அங்கே ஒரு கம்பியில் இழுவை அட்டவணைப்படியே இருந்தது. டர்ன்பக்கிள் சுழலாதபடி எட்டு வடிவில் கோர்த்திருந்த காப்புக் கம்பியும் ஒழுங்காக இருந்தது. ஏதோ தோன்றி, ஆங்கர் தண்டைச் சுற்றி ஒரு முழம் மண்ணை விலக்கினேன். மேலே துத்தநாகப் பூச்சு பளபளக்கிறது, கீழே தண்டு கரும்புச் சக்கை போலப் பொரிந்து, சுத்தியலின் நுனி பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. பக்கத்திலேயே செம்பு எர்த் கம்பி. இரும்பைத் தின்னத் துணைக்கு ஆள் வைத்தது போல. அழுகிய தண்டும் அறுந்து போகிற வரைக்கும் 700 கிலோ என்றுதானே காட்டும்? தற்காலிக ஆங்கர் போட்டு இழுவையை அதற்கு மாற்றிவிட்டுத்தான் திரும்பினேன்.

திரும்பும் வழியில் பையன், "கீழே நின்று செய்கிற வேலையில் அப்படி என்ன சார் ஆபத்து?" என்றான். போலந்தில் 646 மீட்டர் உயர வானொலிக் கோபுரம் 1991 ஆகஸ்டில் விழுந்ததைச் சொன்னேன். புயலில்லை, இடியில்லை, ஸ்டே கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தபோதே விழுந்தது. அன்றைக்கு உலகத்திலேயே உயரமான கட்டுமானம் அதுதான். யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. வண்டி நிற்கும்வரை அவன் பேசவேயில்லை. பிறகு, "மூன்றாவது கம்பியை நாளைக்கு இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கட்டுமா, சார்?" என்றான்.

காலையில் குளிரில் எண்ணினால் இழுவை கொஞ்சம் கூடத்தான் காட்டும், வெப்பநிலையை மறக்காமல் குறித்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். உன் கண் அறுவை எப்படியிருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி