எங்கள் ஊர் ஜினாலயம் என்னும் சமணக் கோயிலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

ஆரணிப் பக்கம் எங்கள் ஊர். 1989-ல் மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலைக்குள் போய்விட்டோம், ஆனாலும் பெரியவர்கள் வாயில் இன்னும் வட ஆற்காடுதான். தாத்தா காலத்தில் தமிழ்ச் சமணர்களான எங்கள் நயினார் வீடுகள் முப்பது இருந்த தெருவில் இன்று விளக்கெரிவது இரண்டே வீட்டில். யாரும் விரட்டவில்லை. பிள்ளைகள் படித்தார்கள், வாத்தியார் வேலை, பேங்க் வேலை என்று போனார்கள், நிலத்தை விற்றார்கள். நானும் அப்படிப் போனவன்தான்.

எங்கள் மாவட்டத்துத் திருமலையில் 16 அடி உயர நேமிநாதர் என்னும் தீர்த்தங்கரர் (சமண அருகர்) சிலையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். வள்ளிமலைக் குகைச் சிற்பங்களைத் தேடியும் வருவார்கள். எங்கள் சின்னக் கோயிலுக்கு அந்தப் பெயரெல்லாம் கிடையாது. ஊர்தான் காவல்.

போன ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, எங்கள் கோயிலில் இருக்கும் முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர் தோளில் தண்ணீர் சொட்டியதைப் போனில் சொன்னவர், எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் அண்ணன். நான் வந்து சேர மூன்று நாளானது. அதற்குள் தார்ப்பாய் போட்டு நாலு மூலையிலும் கல் கட்டியிருந்தார். அண்ணே, அந்தத் தார்ப்பாய்க்கு நீங்கள் காசு வாங்க மறுத்ததை நான் மறக்கவில்லை.

கொத்தனார் ஐயா, "பழைய கட்டடத்துக்கு சிமெண்ட் சேராது தம்பி" என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று! பானை பானையாகக் கடுக்காய் ஊறியது, வெல்லம் கரைந்தது, கீழத்தெருப் பெண்கள் முறை வைத்துச் சுண்ணாம்பு அரைத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட எங்கள் சமயத்தவர் இல்லை.

அப்புறம் மேலத்தெரு அத்தை. வேலை நடந்த அத்தனை நாளும், "பொழுது சாயறதுக்குள்ள நயினார் வீட்டுப் பிள்ளைங்க சாப்பிட்டாகணும்" என்று ஐந்து மணிக்கே தூக்குவாளியோடு வந்து நிற்பீர்கள். எங்கள் சமய வழக்கப்படி குழம்பில் கிழங்கு இருக்காது, வெங்காயம் இருக்காது. சிற்றுயிர்களுக்குத் தீங்கு வராதிருக்க வெள்ளைத் துணியை இரண்டாய் மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீரை வடிகட்டினீர்களே, அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பாட்டி அப்படித்தான் கட்டுவார். என் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அன்றுதான் உங்களிடம் கற்றுக்கொண்டார்கள்.

கோயில் சாவி அத்தையிடமே இருக்கட்டும். அட்சய திருதியைக்கு எல்லோரும் வருகிறோம். ஆதிநாதர் நீண்ட நோன்புக்குப் பின் கரும்புச்சாறு அருந்திய நாள் அது. முதல் குவளை உங்கள் தெருக்களுக்குத்தான்.