டைப் அடித்துக் கொண்டுவரும் பத்தி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான உன் பாஸின் ராணுவ ஃபைல்கள் இனி உன் பொறுப்பு என்றாய். சந்தோஷம். கையோடு இன்னொன்றும் சொன்னாய்: உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் இப்போது கம்பெனிகளுக்காக அரசாங்கத்திடம் ஆதரவு திரட்டும் லாபி நிறுவனம் ஒன்றில் இருக்கிறார், காபிக்குக் கூப்பிட்டார், உனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, பாஸ் பெயரில் ராணுவ பட்ஜெட்டுக்குக் கோரிக்கையாக அனுப்ப ஒரு பத்தியை டைப் அடித்தே அனுப்பிவிட்டார். நீயும் சிரித்தாய், அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். தமிழ் படிக்க உனக்கு நேரம் பிடிக்கும், மெதுவாகவே படி.

நான் ஆவடியில் வளர்ந்தவன் என்று உனக்குத் தெரியும். தாத்தா வேலை பார்த்தது டாங்கி செய்யும் தொழிற்சாலையில். அங்கே எந்த எம்.பி.யும் எழுந்து நின்று, "எங்கள் ஊர் ஃபேக்டரிக்கு இன்னும் நாற்பது டாங்கி ஆர்டர் போடுங்கள்" என்று பட்ஜெட்டில் சேர்த்துவிட முடியாது. அரசியல் சட்டம் 113-வது பிரிவின்படி மக்களவை ஒரு மானியக் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. அதனால் அங்கே தரகர்கள் அமைச்சகத்தைச் சுற்றி வருவார்கள். நீ இருக்கும் வாஷிங்டனில் கூட்டலாம். பென்டகன் கேட்காததையும், வேண்டாம் என்று சொன்னதையும்கூட காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், வாங்கிக் கொடுக்கலாம். காங்கிரஸ் இருக்கும் கேபிடல் ஹில்லில் இத்தனை லாபியிஸ்ட்கள் வரிசையில் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

அந்த வரிசையில் நானும் ஒரு நாள் நின்றிருக்கிறேன். நீ அப்போது சின்னப் பெண். ஏப்ராம்ஸ் டாங்கிக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் மிஷிகன் கம்பெனியில் நான் தர ஆய்வில் இருந்தேன் அல்லவா, அங்கிருந்து சிலரை வாஷிங்டனுக்குக் கூட்டிப்போனார்கள். ராணுவம் டாங்கி மேம்படுத்தும் வேலையைச் சில வருஷம் நிறுத்திவைக்கப்போகிறோம், இருப்பதே போதும் என்று சொல்லியிருந்த நேரம். ஹோட்டலில் காலை காபியோடு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரே பக்கம். மேலே டாங்கிப் படம், கீழே மாநில வரைபடம், உதிரிபாகம் செய்யும் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, பக்கத்தில் வேலைவாய்ப்பு எண்ணிக்கை. எங்கள் கம்பெனிக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்தேன்: மொத்த ஆட்களையும் போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் லாரி பாகம் செய்கிறவர்கள். கூட்டிப்போன மனிதர், "போரைப் பற்றிப் பேசாதீர்கள், வீட்டுக் கடனைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்.

எங்களைக் கூட்டிப்போன அலுவலகத்தில் காங்கிரஸ் உறுப்பினர் வந்து கைகுலுக்கினார், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார். மிச்ச அரை மணி நேரமும் எங்களோடு உட்கார்ந்தது உன் வயதுப் பையன் ஒருவன். டையைத் தளர்த்திவிட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். நல்ல பையன். டாங்கி எத்தனை டன் என்று கேட்கவில்லை, ராணுவம் ஏன் வேண்டாம் என்கிறது என்றும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "பட்ஜெட் பட்டியலில் எந்த வரியில் போட வேண்டும்?" எங்களைக் கூட்டிப்போனவர் தாளைப் பார்க்காமலே பட்ஜெட் வரி எண்ணைச் சொன்னார். எங்கள் அத்தனை பேரின் வீட்டுக் கடனும் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பணம் வந்தது. 2012-ல் பிரதிநிதிகள் சபையில் இரண்டு கட்சியையும் சேர்ந்த 173 பேர் டாங்கித் தயாரிப்பைத் தொடரச் சொல்லி பாதுகாப்பு அமைச்சர் பனெட்டாவுக்குக் கடிதம் எழுதினார்கள். ராணுவத் தளபதி ஒடியர்னோ, எங்களிடம் விட்டால் இந்தப் பணத்தை வேறுவிதமாகச் செலவழிப்போம் என்று சொல்லியும் காங்கிரஸ் ஒதுக்கியது. ஓஹையோவில் ஏப்ராம்ஸ் டாங்கி செய்யும் லைமா ஆலை மூடவில்லை. நம் வீட்டு அடுப்பும் எரிந்தது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: 2022-ல் போலந்து 250 ஏப்ராம்ஸ் வாங்க ஒப்பந்தம் போட்டது, மறு ஆண்டு உக்ரைனுக்கு 31 கொடுப்பதாக அறிவித்தார்கள். லைனை மூடினால் திறப்பது சுலபமில்லை, தேர்ந்த வெல்டர்களைத் திரும்பப் பிடிக்க முடியாது என்று அன்று சொன்னது வெறும் கதையில்லை. ஆகவே வருகிறவர்களெல்லாம் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையில் ஒரு பக்கத்தைத் தாளில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். மறுபக்கத்தைக் கொடுக்க யாரும் விமானம் ஏறி வருவதில்லை.

உன்னிடம் வருவதும் லஞ்சமாக வராது, உதவியாகத்தான் வரும். சுகாதாரம், விவசாயம், தபால் நிலையம் என்று உன் மேஜையில் ஏற்கெனவே பத்து விஷயம். வசந்த காலத்தில் காங்கிரஸின் குழுக்களுக்குக் கோரிக்கைப் படிவம் அனுப்பக் கெடு வைக்கிறார்கள். அந்த நேரத்தில் படிவத்தை நிரப்பியே கொண்டுவருகிறவர் தெய்வம் மாதிரி தெரிவார். உனக்கு முன்னால் இருந்தவர் அனுப்பிய பத்தி மசோதாவுக்கா, மசோதாவோடு குழு வெளியிடும் அறிக்கைக்கா என்று முதலில் பார். அறிக்கையில் இருப்பது சட்டமில்லை, விட்டுவிடலாம் என்று தோன்றும். பென்டகனில் ஒரு திட்ட மேலாளர் அப்படி நினைக்க மாட்டார். அடுத்த வருஷம் பணம் கேட்டு அதே குழுவின் முன்னால்தான் அவர் போய் நிற்க வேண்டும்.

பிறகு அந்தப் பத்தியில் இருக்கும் அளவுகளைப் பார். எடை இவ்வளவு, நீளம் இவ்வளவு, ஏற்கெனவே பரிசோதித்து முடித்ததாக இருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். கம்பெனி பெயர் எங்கேயும் இருக்காது. முப்பது வருஷம் வரைபடத்தை வைத்துக்கொண்டு பாகங்களை அளந்தவன் சொல்கிறேன், ஒரே ஒரு பாகம் மட்டும் பாஸாகிற மாதிரி அளவு எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை.

பால் மாக்லியோக்கெட்டி என்ற பெயரைத் தேடிப் பார். பிரதிநிதிகள் சபையின் பாதுகாப்பு நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவில் ஊழியராக இருந்தவர். வெளியே வந்து 1989-ல் பி.எம்.ஏ. குரூப் என்ற லாபி நிறுவனம் தொடங்கினார். பழைய குழுவின் வாசல் தெரிந்தவர் என்பதுதான் அவருடைய முதலீடு. 2008 நவம்பரில் எஃப்.பி.ஐ. சோதனை போட்டது. குடும்பத்தார், நண்பர்கள், ஊழியர்கள் பெயரில் தன் பணத்தையே தேர்தல் நன்கொடையாகக் கொடுத்தது வெளியே வந்தது. 2011-ல் 27 மாதச் சிறை. உனக்குக் காபி வாங்கித் தந்தவரை இவரோடு சேர்க்கவில்லை. ஆனால் அவர் நாற்காலிக்கு விலை கிடைத்ததென்றால், உன் நாற்காலிக்கும் ஒரு நாள் விலை பேசுவார்கள். நான்கு பேர் பங்குபோட்டு வாடகை கொடுக்கும் வீட்டில் இருக்கிறாய். அடுத்த வேலை யாரிடம் கிடைக்கும் என்ற நினைப்பு மனசின் ஓரத்தில் இருந்துகொண்டேயிருக்கும். அதை யாரும் லஞ்சம் என்று சொல்ல மாட்டார்கள்.

விதிகளும் வேடிக்கையாகத்தான் இருக்கின்றன. லாபியிஸ்ட் உனக்கு உட்கார வைத்துச் சாப்பாடு வாங்கித் தரக் கூடாது. வரவேற்பு விருந்தில் நின்றுகொண்டு பல்குச்சியில் குத்தித் தின்றால் பரவாயில்லை. உனக்குக் காபி வாங்கித் தந்தது எந்தக் கணக்கில் வரும் என்று உங்கள் நெறிமுறைக் குழுவிடம் கேட்டு வை.

டேங்கர் விமான விவகாரம் தெரியுமா? 2001 டிசம்பரில், பாதுகாப்பு நிதி மசோதாவுக்குள் ஒரு பிரிவு ஏறியது: விமானப்படை 100 போயிங் 767-களை எரிபொருள் நிரப்பும் விமானங்களாக வாடகைக்கு எடுக்கலாம் என்று. வாங்குவதைவிட வாடகைக்கு அதிகம் ஆகும் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே பிறகு சொன்னது. பேரம் பேசிய விமானப்படை அதிகாரி டார்லீன் ட்ரூயன் அதே நேரத்தில் போயிங்கில் வேலைக்கும் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்த மின்னஞ்சல்களை எழுதியது ஏற்கெனவே போயிங்கில் வேலை பார்த்த அவருடைய மகள். மகளுக்கும் மருமகனுக்கும் வேலை கிடைத்தது போயிங் பக்கம் தன்னைச் சாய வைத்தது என்று ட்ரூயன் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டார். 2004-ல் ஒன்பது மாதத் தண்டனை. போயிங்கின் நிதித் தலைவர் சியர்ஸும் உள்ளே போனார், 2006-ல் நிறுவனம் 615 மில்லியன் டாலர் கட்டித் தீர்த்தது. இதை நீ படிக்க வேண்டியது வேறொரு காரணத்துக்காக. செனட்டர் மெக்கெய்ன் இந்தப் பேரத்தை எதிர்த்து விடாமல் நின்றார் என்பார்கள், நின்றார்தான். ஆனால் நிறுவனத்தின் மின்னஞ்சல்களை வரவழைத்து, கட்டுக் கட்டாக உட்கார்ந்து படித்தது அவருடைய ஸ்டாஃப். உன் மாதிரிப் பிள்ளைகள்.

அந்தப் பத்தியை இன்றே குப்பையில் போடு என்று சொல்லவில்லை. ராணுவம் இதைத் தன் பட்ஜெட்டில் கேட்டதா, கேட்கவில்லையென்றால் ஏன் என்று பார். ஒவ்வொரு படையும் பணம் கிடைக்காத தேவைகள் என்று ஒரு பட்டியல் அனுப்புகிறது. அதில் இருந்தால் மட்டும் நம்பிவிடாதே. காங்கிரஸ் எப்படியும் சேர்த்துவிடும் என்று தெரிந்தே பட்ஜெட்டில் விட்டுவிட்டு, அந்தப் பட்டியலில் போடுவதும் உண்டு. காங்கிரஸ் ஆராய்ச்சிப் பிரிவின் ஆட்கள் உனக்காகத்தான் சம்பளம் வாங்குகிறார்கள், யாரிடமும் சொல்ல மாட்டார்கள், போன் போடு. போட்டிக் கம்பெனி யாரென்று கண்டுபிடித்து அவர்களையும் கூப்பிட்டுப் பேசு. அவர்களும் ஒரு தாளோடுதான் வருவார்கள், வரட்டும்.

என் பழைய கம்பெனியிலிருந்தோ, அவர்களுக்காகவோ யாராவது உன்னிடம் வந்தால், பேச உட்காருவதற்கு முன்னாலேயே உன் பாஸிடம் சொல்லிவிடு: அப்பா அங்கே வேலை பார்த்தவர், இன்னும் மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறார் என்று. வாயால் சொன்னால் போதாது, ஈமெயிலில் எழுதிப் போடு.

அன்புடன்,
அப்பா