எங்கள் செலவும் எங்கள் வரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த வருமான வரிக் கட்டுரையில், ‘சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்குக் கவலை இல்லை, எல்லாவற்றையும் செலவில் காட்டிவிடலாம்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. கோவையில் பம்ப் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே டிராயிங் போட்டுக் கொடுப்பவன் நான். அப்படிக் காட்டித் தரும் ஆடிட்டர் யாரென்று சொன்னால் புண்ணியமாகப் போகும். என் ஆடிட்டர், கரண்ட் பில்லை நீட்டினால், “இதில் கம்ப்யூட்டர் எவ்வளவு, மிக்சி எவ்வளவு?” என்கிறார்.

1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், அதாவது என்னைப் போன்றவர்களுக்கான உத்தேச வரி ஏற்பாட்டில், போனால் வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாஃப்ட்வேர் லைசென்ஸ் புதுப்பித்து, யுபிஎஸ் பேட்டரி மாற்றி, உதவிக்கு வைத்த பையனுக்குச் சம்பளமும் கொடுத்த வருஷத்தில் பாதிக்கு மேல் செலவாகிவிட்டால்? அதைக் காட்டப் புத்தகமும் வேண்டும், தணிக்கையும் வேண்டும். மிச்சமாகும் வரி ஆடிட்டர் ஃபீஸுக்கே சரியாகப் போய்விடும்.

2025 பட்ஜெட்டுக்கு மறுநாள் ‘12.75 லட்சம் வரை வரி இல்லை’ என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டீர்கள். அதில் அந்த 75,000 ரூபாய், செலவுக் கணக்குக் கேட்காமல் வருமானத்தில் கழிக்கும் நிலையான கழிவு. அது சம்பளக்காரருக்கும் பென்ஷன்காரருக்கும்தான். எங்களுக்கு 12 லட்சத்தோடு சரி. கழிவுகள் அதிகமுள்ள பழைய வரி முறையா, விகிதம் குறைந்த புதிய முறையா என்று சம்பளக்காரர்கள் வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் பழையதற்குப் போய்ப் புதியதற்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையது கிடையாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கம்பெனி பிடித்து அரசுக்குக் கட்டும் வரி, அதன் கதை தனி. ஒரே மாதிரி வேலைக்கு ஒரு கம்பெனி தொழில்நுட்பச் சேவை என்று 2 சதவீதம் பிடிக்கிறது, இன்னொன்று தொழில்முறைச் சேவை என்று 10 சதவீதம் பிடிக்கிறது. அதுவும் லாபத்தில் அல்ல, பில் தொகையில். பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை தவணை. என்னிடம் பிடித்த ஒரு நிறுவனம் கட்டவே இல்லை. என் பெயரில் கட்டிய வரியெல்லாம் ஏறும் 26ஏஎஸ் படிவத்தில் அந்த இடம் காலி. கேட்டால் அக்கவுண்ட்ஸ் பிரிவில், “கட்டியாச்சு சார், ஏறிடும்” என்றார்கள். கடைசியில் ஏறியது என் பெயரில் வரி பாக்கி, வட்டியோடு. பிடித்த வரியை மறுபடி என்னிடம் கேட்கக் கூடாது என்று 1961 சட்டத்தின் 205ஆம் பிரிவு சொல்கிறது. நோட்டீஸ் அனுப்பும் கம்ப்யூட்டருக்கு அதை யார் சொல்வது?

சம்பளக்காரர் மேல் எனக்குப் பொறாமை இல்லை. நானும் பல வருஷம் பி.எஃப். பிடித்தம் பார்த்தவன்தான். ‘நாளை முதல் நீங்கள் கன்சல்டன்ட்’ என்று சொல்லி அனுப்பியது கம்பெனி.

அடுத்த பட்ஜெட்டின்போது அந்தத் தலைப்புக்குக் கீழே ‘சம்பளம், ஓய்வூதியம் பெறுவோருக்கு மட்டும்’ என்று சின்ன எழுத்திலாவது ஒரு வரி போடுங்கள். இடம் இல்லாவிட்டால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்.