பிள்ளையை யாரும் கேட்கவில்லையே

மெய்யியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். இளங்கலை முதலாண்டுக்குச் சமய மெய்யியலும் அறவியலும் சேர்ந்த தாளைப் பல வருடமாக நடத்திவருகிறேன். பாடத்திட்டத்தைத் திருத்தப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். பைபிளின் ஆபிரகாம் கதை வரும் அலகில் பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் கதையையும் சேருங்கள்.

கடவுள் சொன்னதால் ஒரு செயல் நல்லதாகிறதா, நல்லது என்பதால்தான் கடவுள் அதைச் சொல்கிறாரா? ஏதென்ஸில் சாக்ரட்டீஸ் யூதிஃப்ரோ என்பவரை மடக்கியதாகப் பிளேட்டோ எழுதியதிலிருந்து பிறந்த கேள்வி இது. யூதிஃப்ரோ அன்றைக்கு நீதிமன்ற வாசலுக்கு வந்ததே சொந்த அப்பா மீது கொலைக் குற்றம் சாட்டத்தான். கட்டாயம் சொல்ல வேண்டிய அந்த விவரம் நம் பாடத்தில் இல்லை. கடவுள் சொன்னதாலேயே ஒன்று நல்லதாகிறது என்ற கட்சிக்குத் தெய்வக் கட்டளைக் கொள்கை என்று பெயர்; ‘தெய்வக் கட்டளைக் கொள்கை: சிறுகுறிப்பு வரைக, 5 மதிப்பெண்’ என்பதோடு சரி.

போன பருவத்தில் ஆபிரகாமை நடத்திக்கொண்டிருந்தேன். மகனைப் பலி கொடு என்கிறது கட்டளை. கத்தி எடுத்த கையைத் தேவதூதர் தடுத்துவிடுகிறார். டென்மார்க் மெய்யியலாளர் கீர்க்கெகார் 1843இல் இதை எடுத்துக்கொண்டு, அறத்தையும் தாண்டிப்போகும் நம்பிக்கை உண்டா என்று கேட்டார். அவருக்கு முன்பே ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட் 1798இல் வேறு மாதிரி சொல்லியிருந்தார். நல்ல மகனைக் கொல்லக் கூடாது என்பது எனக்கு உறுதி, பேசுவது கடவுள்தான் என்பது உறுதியில்லை என்று ஆபிரகாம் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

பேச்சுவாக்கில், “நம்ம சிறுத்தொண்டர் மாதிரி” என்றேன். பேனாக்கள் நின்றுவிட்டன. பாதிப் பேருக்குக் கதை தெரியும். திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணி அமுது படையலுக்குப் போய்வந்த ஒரு பையன் எழுந்து மற்றவர்களுக்குச் சொன்னான். பைரவ வேடத்தில் வந்த அடியார் பிள்ளைக்கறி கேட்கிறார். ஐந்து வயதுப் பிள்ளை, ஒரு குடிக்கு ஒரே மகன், தாய் பிடிக்கத் தந்தை மனம் கோணாமல் அரிய வேண்டும். சிறுத்தொண்டரும் மனைவியும் தங்கள் மகன் சீராளனை அரிந்து சமைக்கிறார்கள். கடைசியில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்ல, பள்ளியிலிருந்து ஓடிவருவதுபோல் பிள்ளை வந்து நிற்கிறான்.

“அதான் திரும்ப வந்துட்டானே!” என்றாள் ஒருத்தி. “வெட்டும்போது அது அவங்களுக்குத் தெரியாதுல்ல?” என்றான் பின்வரிசையில் ஒருவன். இங்கே கையைத் தடுக்கத் தேவதூதர் யாரும் வரவில்லை என்பதை நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்கள். சைவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி அழகாக வாதாடினாள். இது ஒழுக்க விதி சொல்லும் கதை அல்ல, பாசத்தையும் அறுத்த பக்தியைக் காட்டும் கதை என்றாள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் நம் பாடநூலில் அவ்வளவு தெளிவாக ஒரு வரியும் கிடையாது.

அப்புறம்தான் எனக்கே ஒன்று உறைத்தது. சிறுத்தொண்டருக்கு யாரும் கடவுளாக நின்று கட்டளையிடவில்லை. வந்தவர் சிவன் என்றே அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை பசியோடு வந்த ஓர் அடியார், அவ்வளவுதான். அடியாருக்கு அமுது படைக்காமல் உண்பதில்லை என்ற நியமம் ஒரு பக்கம், தகப்பன் கடமை ஒரு பக்கம். ஆக, ‘பேசுவது கடவுள்தானா?’ என்ற காண்டின் கேள்வி இங்கே ஒட்டவே ஒட்டாது. தெய்வக் கட்டளை என்று ஒரே பெட்டியில் அடைக்கிறோமே, இந்த இரண்டு கதையும் ஒன்றில்லை. இதைவிட நல்ல அறிமுகப் பாடம் எங்கே கிடைக்கும்?

மனம் புண்படும் என்று தயங்குவீர்கள். அன்று வகுப்பில் யாரும் புண்படவில்லை. மணி அடித்தும் எழுந்துபோகவில்லை. அதுவரை வாயே திறக்காத ஒரு மாணவி கடைசியில் கேட்டாள்: “சார், அந்தப் பிள்ளைய யாராவது கேட்டாங்களா?” ஆபிரகாமின் மகன் ஈசாக்காவது ‘பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே?’ என்று அப்பாவைக் கேட்டான்.

தேர்வில் அவள் இதையே விடைத்தாளில் எழுதினாள். ‘பாடத்தில் இல்லாதது’ என்று சிவப்பு மையில் குறித்து, ஐந்துக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். ஆகவே இன்னொன்றும் கேட்கிறேன்: அந்த அலகுக்கு ‘சிறுகுறிப்பு வரைக’ வேண்டாம், ‘உன் நிலைப்பாட்டை வாதிடு’ என்று 10 மதிப்பெண் கேள்வி ஒன்று வையுங்கள். திருத்துவது சிரமம்தான். என் விடைத்தாள் கட்டுகளை நானே திருத்தித் தருகிறேன்.

இப்படிக்கு,
அந்தத் தாளை நடத்தும் ஆசிரியர்