கலிபோர்னியா பச்சைப்பாலும் நம்மூர் அடுப்பும்

ஈரோடு

அன்புள்ள சேகர்,

கடிதமும் அந்தப் பால் பாட்டில் படமும் வந்து சேர்ந்தன. பேத்திக்கு இருமல் நின்றுவிட்டது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். சரோஜாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது அரிசியில் கிடக்கும் கல்லைவிட என் சட்டைக் கறைதான் அவள் கண்ணில் அதிகம் படுகிறது. நம்ம பழனிச்சாமி மிச்சமிருந்த எருமைகளையும் விற்றுவிட்டான். மாடு பார்க்க ஆள் கிடைப்பதில்லை, பையனுக்கும் அதில் நாட்டமில்லை. அவன் தெருவில் இப்போது ஒரு வீட்டிலும் சாணி வாசனை கிடையாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மகள் அங்கே கலிபோர்னியாவில் கடையில் பச்சைப்பால் வாங்கிக் காய்ச்சாமல் குழந்தைக்குக் கொடுக்கிறாள், "காலமெல்லாம் பால் பண்ணை லேபில் இருந்தவன் நீ, நல்லதா கெட்டதா சொல்" என்கிறாய். காய்ச்சிக் கொடுக்கச் சொல். அவளும் மாப்பிள்ளையும் எப்படிக் குடித்தாலும் அது அவர்கள் இஷ்டம், இரண்டு வயதுக் குழந்தைக்கு மட்டும் பச்சையாகக் கூடாது. ஆனால் அவள் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடாதே. அவள் படித்த பெண். அதட்டினால் கேட்கமாட்டாள், காரணம் சொன்னால் கேட்பாள். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன், அவளுக்கும் படித்துக் காட்டு.

பாலைச் சூடாக்கி விற்கும் வழக்கம் ஏதோ பெரிய கம்பெனிகளின் சதி என்று அங்கே ஒரு பேச்சு இருக்கிறது அல்லவா? அது தொடங்கிய கதையே வேறு. 1850களில் நியூயார்க்கில் சாராய ஆலைகளை ஒட்டியே மாட்டுக் கொட்டகைகள் இருந்தன. வடித்து மிஞ்சிய கழிவைச் சூடு ஆறுமுன்பே மாட்டுத் தொட்டியில் ஊற்றுவார்கள். மாடு வெயிலைக் காணாது, புல்லையும் காணாது. நின்ற இடத்திலேயே நோய் பிடித்து வால் அழுகிப்போகும். அந்த மாட்டின் பால் நீலம் பாரித்து, நீர்த்துப்போய் இருக்கும். அதில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து வெள்ளையாக்கி ஊருக்குள் விற்றார்கள். குடித்த குழந்தைகள் பேதியில் செத்தன. 1858இல் ஒரு படப் பத்திரிகை இதை அம்பலப்படுத்திய பிறகுதான் ஊர் விழித்துக்கொண்டது.

இதற்கு இரண்டு பேர் இரண்டு வழி கண்டுபிடித்தார்கள், இரண்டுமே 1893இல். நியூவார்க்கில் ஹென்றி கோய்ட் என்ற டாக்டர், மருத்துவர் குழு ஒன்றை அமைத்து, மாட்டையும் கொட்டகையையும் கறப்பவரையும் சோதித்து, சுத்தமான பச்சைப்பாலுக்குச் சான்று கொடுக்க ஏற்பாடு செய்தார். நியூயார்க்கில் நாதன் ஸ்ட்ராஸ் என்ற வணிகர், பாலைப் பாஸ்ச்சுரைஸ் செய்து, அதாவது கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்கிக் குளிரவைத்து, ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுக்கப் பால் நிலையங்கள் திறந்தார். உன் மகள் இன்று பேசுவது கோய்ட்டின் கட்சி. கௌரவமான கட்சிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சான்றுப் பாலின் விலை சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. ஸ்ட்ராஸின் பால் எல்லாருக்கும் கிடைத்தது. 1908இல் சிகாகோ நகரம் பாஸ்ச்சுரைசேஷனைக் கட்டாயமாக்கியது, மற்ற ஊர்களும் பின்னாலேயே வந்தன. 1938க்கு முன்பு அமெரிக்காவில் உணவாலும் தண்ணீராலும் கூட்டமாக வந்த நோய்களில் கால்பங்கு பாலால் வந்தவை. இன்று அது நூற்றில் ஒன்றுகூட இல்லை. 1987 முதல் பச்சைப்பாலை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்கத் தடை. மாநிலத்துக்குள் விற்பது அந்தந்த மாநிலத்தின் சட்டப்படி. கலிபோர்னியாவில் கடையிலேயே விற்கலாம்.

பாஸ்ச்சுரைசேஷன் என்றதும் ஏதோ பாலைக் கொன்றுபோடுகிற மாதிரி அவள் பேசுவதாக எழுதியிருக்கிறாய். எங்கள் பிளாண்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பால் தகடுகளுக்கு இடையே ஓடி 72 டிகிரி செல்சியஸுக்கு ஏறும். பிறகு ஒரு நீளமான குழாயில் 15 வினாடி அதே சூட்டில் ஓடும். உடனே குளிர்ந்து 4 டிகிரிக்கு இறங்கும். அவ்வளவுதான். குழாயின் முடிவில் ஒரு வால்வு உண்டு. சூடு கொஞ்சம் குறைந்தாலும் அது 'டக்'கென்று திரும்பி, பாலை மறுபடி ஆரம்பத் தொட்டிக்கே அனுப்பிவிடும். கரண்ட் தகராறு உள்ள நாட்களில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம் என் மேஜைக்கு சாம்பிள் வரும். பாலில் இயற்கையாகவே பாஸ்படேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. நோய்க்கிருமி சாகும் சூட்டைவிடச் சற்றே கூடுதல் சூட்டில்தான் அது அழியும். மருந்து கலந்து 37 டிகிரி தண்ணீரில் சோதனைக் குழாயை வைப்பேன். மஞ்சள் நிறம் தட்டினால் நொதி உயிரோடு இருக்கிறது, எங்கோ பச்சைப்பால் கலந்துவிட்டது என்று பொருள். அந்த பேட்ச் வெளியே போகாது. மேனேஜர் வந்து நின்று "கொஞ்சூண்டு மஞ்சள்தானே" என்பார். கொஞ்சூண்டு மஞ்சளும் மஞ்சள்தான்.

இனி அவள் சொல்கிற காரணங்கள். சத்து குறைகிறது என்பது பாதி உண்மை. வைட்டமின் சி, பி வகையில் சில, கொஞ்சம் குறையும். வைட்டமின் சிக்காக யாரும் பால் குடிப்பதில்லை, ஒரு நெல்லிக்காய் போதும். கால்சியமும் புரதமும் அப்படியே இருக்கும்.

மாப்பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, பச்சைப்பாலில் லேக்டேஸ், அதாவது பாலின் சர்க்கரையான லேக்டோஸைச் செரிக்கவைக்கும் நொதி, இருப்பதால் வயிறு ஊதாது என்கிறாள். பச்சைப்பாலில் லேக்டேஸ் கிடையாது. 2014இல் ஸ்டான்ஃபோர்டில் பால் ஒத்துக்கொள்ளாதவர்களை வைத்து, சின்ன அளவில்தான், சோதித்துப் பார்த்தார்கள். பச்சைப்பாலிலும் அதே வயிற்று உபாதைதான். மாப்பிள்ளையை மோர் குடிக்கச் சொல். உறைந்த தயிரில் லேக்டோஸ் கொஞ்சம் குறைந்திருக்கும்.

மூன்றாவது காரணம்தான் கனமானது. பண்ணைப் பச்சைப்பால் குடித்து வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்கிறாள். இது கட்டுக்கதை இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்துக் கிராமப்புறக் குழந்தைகளை ஆராய்ந்து 2011இல் வெளியான கட்டுரையில் அப்படித்தான் வந்தது. காய்ச்சிய பாலில் அந்தப் பலன் தெரியவில்லை. காரணம் கிருமிகள் இல்லை, பால் திரியும்போது பிரியும் நீரில் உள்ள புரதங்களாக இருக்கலாம் என்று எழுதினார்கள். ஆனால் அதே ஆட்கள், இதை வைத்துப் பச்சைப்பாலைப் பரிந்துரைக்க முடியாது என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். அதை மட்டும் ஏன் யாரும் எடுத்துச் சொல்வதில்லை?

ஏனென்றால் மறுபக்கத்தில் நடப்பது அப்படி. நோயில்லாத, மினுமினுவென்று இருக்கிற மாட்டின் குடலிலேயே ஈகோலை ஓ157, கேம்பிலோபாக்டர் என்ற நோய்க்கிருமிகள் சாதுவாக இருக்கும். மாட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை. கறக்கும்போது மடியில் ஒட்டிய சாணி ஒரு துணுக்கு விழுந்தால் போதும். சின்னக் குழந்தைகளுக்கு அந்த ஓ157 சிறுநீரகத்தையே பதம் பார்த்துவிடும். பண்ணையில் சோதிக்கிறார்களே என்பாள். சோதிக்கட்டும், ஆனால் இன்றைய சாம்பிளின் முடிவு வருவதற்குள் இன்றைய பால் வயிற்றுக்குப் போயிருக்கும். கேன் கேனாக மோந்து பார்த்தே பாலைத் தள்ளின எங்கள் பால் இறக்கும் டாக் மேஸ்திரிக்குக்கூட சால்மொனெல்லா என்ற கிருமியின் வாசனை தெரியாது, அதற்கு வாசனையே கிடையாது. 2023 கடைசியிலிருந்து 2024 தொடக்கம் வரை, அங்கே கலிபோர்னியாவிலேயே, ஒரு பண்ணையின் பச்சைப்பாலோடு தொடர்புடைய சால்மொனெல்லாவால் 171 பேர் நோயில் விழுந்தார்கள். பத்தில் ஏழு பேர் 18 வயதுக்குக் கீழ்.

போதாததற்கு 2024 மார்ச்சில் பறவைக் காய்ச்சல் கறவை மாடுகளுக்கே வந்துவிட்டது. டெக்சாஸில் அந்தப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. கடைப் பாலில் 297 சாம்பிள் எடுத்துப் பார்த்தார்கள். ஐந்தில் ஒன்றில் வைரஸின் துண்டு துணுக்குகள் இருந்தன, உயிரோடு ஒன்றுகூட இல்லை. அந்த வருஷக் கடைசியில் கலிபோர்னியாவின் கடைப் பச்சைப்பாலிலேயே வைரஸ் தென்பட்டு, பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார், அடியில் பொடி எழுத்தில் எச்சரிக்கை இருக்கும், அந்த மாநிலத்துச் சட்டம் அது. கைக்குழந்தைகளும் முதியவர்களும் அதிக ஆபத்தில் இருப்பவர்கள் என்று போட்டிருக்கும். பேத்தியும் நீயும் ஒரே வரியில்.

நம்மூரில் இந்தச் சண்டை ஏன் இதுநாள்வரை வரவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அடுப்புதான். சொசைட்டிப் பாலானாலும் பாக்கெட் பாலானாலும் பொங்கக் காய்ச்சாமல் எவர் வீட்டிலும் இறங்காது. பொங்கி வரும்போது 72 டிகிரியெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்ச்சுரைஸ் ஆனதுதானே, ஏன் காய்ச்சவேண்டும் என்று பேரன் கேட்டான். குளிர் விடாமல் வீடு வந்தால் வேண்டியதில்லைதான். விடியற்காலையிலிருந்து கடைவாசல் நடைபாதையில் கிரேட்டில் கிடக்கும் பாக்கெட்டை நம்பி அப்படிச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நம் வீடுகளில் தப்பு காய்ச்சிய பிறகுதான் நடக்கிறது. சில பாக்டீரியாவின் வித்துக்கள் கொதியிலும் சாகா. மேடை மேல் மதியம்வரை திறந்து கிடக்கும் பாலில் அவை முளைத்துவிடும்.

இப்போது இங்கேயும் அந்த ஃபேஷன் வந்துவிட்டது. அப்பார்ட்மென்ட் வாசலில் கண்ணாடிப் பாட்டிலில், நாட்டு மாட்டுப் பால், காய்ச்சாமல் குடித்தால் முழுச் சத்து என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கன்று வீச்சு நோய் இன்னும் நம் மாடுகளை விட்டுப் போகவில்லை. அதற்காகத்தான் 2019 முதல் அரசாங்கம் கிடாரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுகிறது. மனிதருக்கு ஒட்டினால் சாயங்காலக் காய்ச்சலும் மூட்டு வலியுமாக மாதக்கணக்கில் படுத்தும். இருக்கிற ஒரே காவல் அடுப்பு, அதையும் வேண்டாம் என்கிறார்கள்.

அதே சமயம் அடுப்பால் ஆகாத விஷயம் இருக்கிறது, அதை ஒருவரும் கேட்பதில்லை. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் சாம்பிள் எடுத்தது. ஊரே பேசுகிற கலப்படம் வெறும் 12இல். ஆனால் அஃப்லாடாக்சின் எம்1 வரம்பை மீறி 368இல் இருந்தது. மாநிலவாரியாக எண்ணிக்கையில் பார்த்தால் நம் தமிழ்நாடுதான் முதலிடம், 551இல் 88. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் பருத்திக்கொட்டையும் மாட்டின் வழியாகப் பாலுக்கு வருகிற விஷம் அது. காய்ச்சினாலும் போகாது, பாஸ்ச்சுரைஸ் செய்தாலும் போகாது. பச்சைப்பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் அது கூடுதலாக இருந்தது என்பதையும் உன் மகளிடம் சொல்லிவிடு, நான் எதையும் ஒளிக்கவில்லை.

மடிநோய்க்குப் போடுகிற ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். ஊசி போட்ட மாட்டின் பாலைச் சில நாள் கீழே ஊற்றவேண்டும். மூன்று மாடு வைத்திருப்பவன் எப்படி ஊற்றுவான்? உறை ஊற்றின பால் காரணமில்லாமல் தயிராகத் தோயாவிட்டால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் இதுதான். பால்காரரிடம் "தண்ணி கலந்தீங்களா" என்று கேட்கிறோமே தவிர, "மாட்டுக்கு என்ன போடுறீங்க, ஊசி போட்டீங்களா" என்று கேட்பவரை நான் பார்த்ததில்லை. உன் மகள் பண்ணைக்காரரை நேரில் போய்ப் பார்த்து வாங்குகிறாள் என்றால் அந்தக் கேள்விகளை அவர்களிடம் கேட்கட்டும். அந்த அக்கறை நல்லது. கேட்டு, வாங்கி, அப்புறம் அடுப்பில் வைக்கட்டும்.

பொங்கக் காய்ச்சினால் ருசி மாறுகிறது என்று அவள் முரண்டு பிடித்தால், தெர்மாமீட்டர் வைத்து 63 டிகிரியில் அரை மணி நேரம், அடிக்கடி கிண்டியபடி வைத்து, உடனே ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை இறக்கச் சொல். அதுவும் பாஸ்ச்சுரைசேஷன்தான், பழைய முறை. பொறுமை இல்லாவிட்டால் பொங்கவிடுவதே மேல்.

நீ எப்போது திரும்புகிறாய்? தை மாதம் பிரகாஷ் வீட்டுக் கல்யாணம், பவானியில். பழைய ஆட்கள் எல்லாரும் வருகிறார்கள். டிக்கெட் போட்டதும் எழுது, ரயிலடிக்கு நான் வருகிறேன். வரும்போது பால் சூடு பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி வா, ஒன்று பேரனுக்கு. மறக்காதே.

அன்புடன்,
முருகேசன்